அன்றைக்கு மழை இல்லை

— மழையா? எந்த மழைடி? அன்னைக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு.

— படத்துல மழை, ஜெஸ்லி. கதைக்காக வச்சது.

— கதைக்காக. செரி. நேத்து நீ போன்ல அனுப்பினதை முழுசும் பாத்தேன், கேட்டியா. ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணு பாடும், ஒண்ணு வயலின் வாசிக்கும். ஒரே குடையில நடக்கும், ஒரே பஜ்ஜியப் பிச்சுத் தின்னும். போட்டி அன்னைக்கு கல்லாத்துல வெள்ளம் வந்து வயலின்காரிக்க பஸ் நின்னு போவுது. பாட்டுக்காரி மேடையில காத்துக் காத்துக் கெடந்து கடைசியில தனியா பாடுது. அதானே கதை?

— அதான்.

— எனக்க வீடு எங்க கெடக்கு? இந்தச் சாலைக் கம்போளத்துல, இந்த ஆணிக் கடைக்க மேல. இங்கேருந்து ஸ்ரீவராகத்துல உனக்க வீட்டுக்கு சைக்கிள்ல பத்து நிமிஷம். நான் எதுக்குடி பொன்முடி அடிவாரத்துல போய் மாட்டணும்?

— அது நீ இல்லை. அவ பேர் பேச்சி.

— பேரு பேச்சி. மூக்கு எனக்க மூக்கு. வயலின் பெட்டிக்குக் கைப்பிடி அத்துப் போய் எங்க அப்பா கடைக் கம்பிய வளைச்சுப் போட்டாரே, அது கூட அப்படியே இருக்கு. எனக்க மவன் ஒண்ணாங்கிளாஸ். 'அம்மே, இது அம்மதானே'ன்னு கேக்கான். கார்ட்டூன் பாக்க உக்காந்த பிள்ளைக்குத் தெரியுது, வரைஞ்ச உனக்குத் தெரியல்ல.

— கார்ட்டூன்னு சொல்லாதேடி. நாலு வருஷம். மூணே பேர். இருபத்திரண்டு நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் படம் வரைஞ்சிருக்கோம் தெரியுமா? என் கட்டைவிரலைப் பாரு.

— எனக்க கட்டைவிரலையும் பாரு. ஆணி அள்ளி அள்ளித் தேஞ்சது. செரி, நிக்காத. இந்த மாடிக் குடோன்ல நாற்காலி இல்ல, அந்தப் பெயின்ட் டின்னு மேல இரு, கவிழாது. மாடம்மாக்கா! கீழ யாராவது வந்தா நீங்களே பாத்துக்கிடுங்க. ரெண்டு சாயா சொல்லுங்க, ஒண்ணுல சீனி வேண்டாம். நீ இப்பவும் சீனி இல்லாமத்தானே?

— தொண்டைக்காக விட்டது. பாட்டை விட்டப்புறமும் அந்தப் பழக்கம் போகலை.

— அதென்னத்துக்கு பாட்டை விட்ட? முதல் பரிசு வாங்கின கையோட விட்டுட்டியாமே. கேட்டப்பம் நான் நம்பல்ல.

— தொண்டை சரியில்லை.

— இப்பம் பேசுகது எந்தத் தொண்டை?

— விடேன், ஜெஸ்லி. படத்துல உனக்கு எதுவுமே பிடிக்கலையா?

— எங்க அப்பாவப் பிடிச்சுது. திரவியம் கடைக்க தராசு. நம்ம ரெண்டு பேரும் குடோன்ல சாதகம் பண்ணும்போ தராசுத் தட்டைத் தட்டித் தாளம் போடுவாரே, ஒரு தட்டு மேல ஒரு தட்டு கீழ. அதை அப்படியே வச்சிருக்க. அந்த எடத்துல நான் போனைக் கமத்தி வச்சிட்டேன். அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரையும் எவனும் படத்துல வரைய மாட்டான். நீ வரைஞ்ச. அதுக்கு நன்றி உண்டு.

— அது போதும் எனக்கு.

— ஆனா கடைசியில ரெண்டு நிமிஷம் வெறும் கறுப்பா வந்துது. போன் கேடுன்னு நெனச்சேன்.

— கேடு இல்லை. அதுக்குத்தான் வந்திருக்கேன். அந்த ரெண்டு நிமிஷம் வரைஞ்சாச்சு, சத்தம் மட்டும் இல்லை. வெள்ளம் வடியலை. பேச்சி கல்லாத்துப் பாறை மேல நின்னு வாசிக்கறா. எங்கயோ மேடையில இருக்கற சிநேகிதிக்குக் கேட்கும்னு நம்பி வாசிக்கறா. அதோட படம் முடியறது. அதை நீ வாசிக்கணும். திங்கட்கிழமைக்குள்ள பட விழாவுக்கு அனுப்பியாகணும்.

— ஊர்ல வயலினுக்கா பஞ்சம்?

— மூணு பேர் வாசிச்சுப் பார்த்தாச்சு. நன்னாத்தான் வாசிச்சா. கையோட ஒட்டலை. வழக்கமா சத்தத்தை முதல்ல எடுத்துண்டு, அதைக் கேட்டுக் கேட்டு கையை வரைவோம். வில் எங்க திரும்பறது, விரல் எங்க விழறதுன்னு. இந்த ஒரு ஸீனை மட்டும் நான் சத்தமே இல்லாம வரைஞ்சுட்டேன்.

— பின்னே என்னத்தப் பாத்து வரைஞ்ச?

— உன்னை. மனசுல இருந்த உன்னை. அதனால உன்னைத் தவிர யார் வாசிச்சாலும் அந்தக் கைக்குப் பொருந்தலை.

— ஐஸ் வச்சது போதும். நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வாசிக்கிறவ. அதுக்கு மேல இல்ல.

— நீ இல்லைன்னா படமே இல்லை. என்னோட இருக்கற ரெண்டு பேருக்கும் இதைத் தவிர வேற வேலை இல்லை. காலைப் பிடிக்கணும்னாலும் பிடிக்கறேன்.

— காலைப் பிடிக்காண்டாம், ஆணி கெடக்கும், குத்தும். வாசிக்கேன். ஆனா ஒண்ணு. பேச்சி வரல்லன்னு இருக்கதை மாத்து. வந்தான்னு போடு.

— அது முடியாதுடி. அந்த மழையே எட்டு மாசம் வரைஞ்சோம். அவ வந்துட்டா கதையே இல்லை. ஏன், அவ வரணும்னு உனக்கு என்ன?

— நான் வந்தேன், ஸ்மிதா.

— எங்க?

— உனக்க வீட்டுக்கு. அன்னைக்கு. போட்டிக்கு முன்னால, காலம்பற ஏழு மணிக்கு.

— வந்தியா?

— நீ பேசாத. பதினெட்டு வருஷமா வாய்க்குள்ள வச்சிருக்கேன். உனக்க அம்மை, மாமி இருக்கது வரைக்கும் சொல்லாண்டாம்னு இருந்தேன். போன சித்திரையில மாமியும் போயாச்சு. இனி யாருக்கும் நோவாது. நம்ம பழக்கம் நினைவுண்டா? நான் உனக்க வீட்டு பெல்லை அடிச்சதே இல்ல.

— கேட்டுல நின்னு பிலஹரி ராகத்துல ஒரு வரி வாசிப்பே. நான் உள்ளேருந்து அடுத்த வரியைப் பாடிண்டே வருவேன். அப்பா கூடச் சொல்வார், பால்காரனுக்கு மணி, ஜெஸ்லினுக்கு பிலஹரின்னு.

— அன்னைக்கும் வாசிச்சேன். பதில் இல்ல. குளிக்கியாக்கும்னு நெனச்சு பின்னயும் வாசிச்சேன். அதுக்கும் இல்ல. பின்னே முழுசும் வாசிச்சேன், நின்னுட்டே, சர்ச்சுல வாசிக்கது மாதிரி தாடையில வச்சு. எல்லாம் முடிஞ்சு வயலினைப் பெட்டியில வச்சுப் பூட்டின பிறகாக்கும் மாமி வாசலுக்கு வந்தது. 'அவ கார்த்தாலயே கிளம்பிப் போயிட்டாளே'ன்னாங்க. எனக்க முகத்தைப் பாத்துச் சொல்லல்ல. செருப்பைப் பாத்துச் சொன்னாங்க.

— ஜெஸ்லி...

— நான் சைக்கிளைச் சவுட்டிக்கிட்டு சபாவுக்கு வந்தா, நீ மேடையில இருக்க. எனக்க எடத்துல கைலாஷ் வயலினோட சம்மணம் போட்டு இருக்கான். போட்டி ஜட்ஜுக்க மவன். நான் கடைசி வரிசையில நின்னு கேட்டேன். நல்லாப் பாடின.

— அங்கேயும் வந்தியா? அது எனக்குத் தெரியாது.

— படத்துல கைலாஷைக் காணல்லியே? மழைக்கு எட்டு மாசம், அவனுக்கு ஒரு மூலை கூட இல்லியா?

— அவனை எங்க வைக்கறதுன்னு தெரியலை.

— எனக்குத் தெரியும், எங்க வைக்கணும்னு. போகட்டும். ரெண்டு நாள் கழிச்சு உனக்க லெட்டர் வந்துது. 'ஏன் வரலை? கடைசி நிமிஷம் வரைக்கும் உனக்காகக் காத்துண்டிருந்தேன். அப்புறம்தான் கைலாஷை உட்கார வச்சா'ன்னு. அதை வாசிச்சப்பந்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் வந்தது உனக்குத் தெரியாது. மாமி உங்கிட்ட மறைச்சாச்சு. ஜட்ஜுக்க மவன் பக்கத்துல இருந்தா முதல் பரிசு நிச்சயம். நவராத்திரிக்கு சபா மேடையில மவ பாடுவா. அதுக்காக எனக்க கண்ணைக் கட்டி, உனக்க கண்ணையும் கட்டியாச்சு.

— நீ ஏன் பதிலே எழுதலை?

— என்னத்த எழுத? உனக்க அம்மை கள்ளம் சொன்னான்னா? நான் ஒருத்தி போனா உனக்கு வேற வயலின்காரி கிட்டும். அம்மை கிட்டாது. அதான், வரல்லன்னே இருக்கட்டும்னு விட்டேன். அந்த மாசந்தான் அப்பா ஏணியில இருந்து விழுந்தாரு. நான் கடையில இருந்துட்டேன். பாட்டு வகுப்புக்குப் பின்னே வரல்ல. எல்லாரும் அதுதான் காரணம்னு நெனச்சாங்க. நானும் அப்படியே சொல்லிக்கிட்டேன்.

— எனக்காகவா சொல்லாம இருந்தே?

— பின்னே மாமிக்காகவா? மாமியை நான் மன்னிக்கல்ல. அதையும் சொல்லிடுகேன். உனக்கும் எனக்கும் ஒரே தட்டுல தோசை போட்டுத் தந்தவங்க. சாலைக்கார வீட்டுப் பிள்ளைன்னு ஒரு நாளு தனியா ஒரு டம்ளர் வச்சதில்ல. வேற யாராவது அதைச் செய்திருந்தா அடுத்த வாரமே மறந்திருப்பேன்.

— அம்மா பாவம், ஜெஸ்லி.

— பாவந்தான். வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால மாமி இந்தக் கடைக்கு வருவாங்க. உனக்குத் தெரியுமா?

— எங்க அம்மாவா? சாலைக்கா?

— கால் கிலோ ஓரிஞ்சு ஆணி. கொலுப்படி அடிக்கணும்னு சொல்லுவாங்க. நான் முகம் குடுக்க மாட்டேன். 'மாடம்மாக்கா, அவங்களுக்கு எடுத்துக் குடுங்க'ன்னுட்டு குடோனுக்குள்ள போயிருவேன். பொட்டலத்தை வாங்கினாலும் போகாம நிப்பாங்க. ஒரு தடவை, 'ஜெஸ்லின், ஒரு நிமிஷம் நில்லு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னாங்க. 'கடையில திரக்கு மாமி, பின்னே ஆகட்டும்'னேன். கடையில ஒரு ஈ காக்கா இல்ல.

— எங்காத்துல கொலுப்படி ஸ்டீல்டி.

— என்ன?

— ஒண்ணோட ஒண்ணு மாட்டற படி. நான் மூணாங்கிளாஸ் படிக்கறச்சே வாங்கினது. அதுக்கு ஆணியே வேண்டாம்.

— பின்னே அத்தனை ஆணி?

— அம்மா போனப்புறம் பரணைக் காலி பண்ணினேன். ஒரு பிஸ்கட் டின் நிறைய ஆணி. பொட்டலம் பொட்டலமா இருந்தது. ஒண்ணு கூடப் பிரிக்கலை. எதுக்கு வாங்கினான்னு எனக்குப் புரியவே இல்லை. இப்போதான்...

— அப்பம் ஆணிக்கு வரல்ல.

— இல்லை.

— ஆசுபத்திரியில கெடந்தப்பமும் மாமி கூப்பிட்டு விட்டாங்க. உங்க தெரு சரஸ்வதியம்மாள் வந்து சொன்னாங்க, 'சூடாமணி உன் பேரைச் சொல்லிண்டே இருக்கா, ஒரு தடவை போய்ப் பாரு'ன்னு. போனேன். ஆரஞ்சு வாங்கிக்கிட்டு கேட்டு வரைக்கும் போனேன். மன்னிப்பு கேப்பாங்க, நான் 'செரி மாமி'ன்னு சொல்லணும். அந்த ரெண்டு வார்த்தை வாயில வரல்ல. ஆரஞ்சை வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டுத் திரும்பி வந்தேன். ரெண்டு வார்த்தைடி. எனக்கென்ன கேடு வந்துது?

— அழாதே.

— அழல்ல. சிமென்ட் தூசி. எங்க அப்பா இருந்திருந்தா பெல்ட்டைக் கழட்டியிருப்பாரு. படுத்திருக்க ஆளுக்கிட்ட என்னத்துக்கு வீம்புன்னு.

— எனக்கும் சொல்லத் தெரியலை, ஜெஸ்லி.

— நீ என்னத்தச் சொல்ல? உனக்கு ஒண்ணும் தெரியாதே. செரி. படத்தை மாத்தாண்டாம். மழையே இருக்கட்டும். மழைக்க மேல பழியப் போட்டா யாருக்கும் கேடில்ல. மாமி பேருல பழி விழாதுல்லா. வாசிக்கேன். மாமிக்கு நான் சொல்லாத அந்த 'செரி'ன்னு வச்சுக்கோ. கதவைச் சாத்து, கீழ லாரியில இருந்து கம்பி எறக்குகான். அந்த அலமாரிக்கு மேல பெட்டி இருக்கு, எடு.

— கடையிலயே வச்சிருக்கியா!

— மத்தியானம் திரக்கு இல்லாத நேரம் இங்கன நின்னு வாசிப்பேன். இந்தக் கம்பிச் சுருளெல்லாம் கூடச் சேந்து அதிரும். நாலு பேரு பக்கவாத்தியம் வாசிக்கது மாதிரி. சபாவுல கூட இந்த சவுகரியம் கிட்டாது.

— அதே பெட்டி. அதே கைப்பிடி.

— திரவியம் வளைச்ச கம்பி. யானை இழுத்தாலும் வராது. பொறு, சுதி சேக்கேன்... ம். ஆச்சு. முதல்ல சத்தம் எடுக்காண்டாம், சும்மா படத்தை ஓட்டு. கையைப் பாக்கணும். விரலைப் பாத்தா எனக்குப் பாட்டு தானா கேக்கும்.

— இதோ. லேப்டாப்பை இந்தப் பக்கம் திருப்பறேன். வெளிச்சம் அடிக்கறதா?

— இல்ல, தெரியுது. பாறையில நிக்கா. தாடையில வச்சிருக்கா, கொள்ளாம், அது நினைவிருக்கு உனக்கு. வில்லு நல்லாப் போகுது. ஆமா... பிலஹரி. நம்ம வரி. கேக்குதுடி, எனக்குக் கேக்குது! முடி காத்துல பறக்கது என்னா அழகு. எனக்கு எப்பம் இவ்வளவு முடி இருந்துது?

— இருந்தது.

— மவனைப் பெத்த பிறகு எல்லாம் போச்சு. ம்... ம்... நிறுத்து.

— என்ன?

— கொஞ்சம் பின்னால கொண்டு போ. இன்னும். அங்க. இந்த இடது கை எதுக்கு முகத்துப் பக்கமா ஏறி வருது?

— எந்த இடத்துல?

— இங்க. இதுவரைக்கும் முதல் கம்பியில வாசிச்சவ, திடீர்னு ரெண்டாம் கம்பியில விரலை நீட்டி நீட்டி எட்டிப் பிடிக்கா. முதல் கம்பியில சொகமா விழுகிற ஸ்வரமாக்கும் இது.

— அது சும்மா... பார்க்க நன்னாயிருந்தது.

— நன்னா இருக்கும். விரல் முறியும். முதல் கம்பி இல்லாதவதான் இப்படி வாசிப்பா. உதட்டுல என்ன அவளுக்கு?

— எங்க?

— பல்லுக்கு நடுவுல. மெல்லிசா ஒரு கோடு.

— முடிடி அது. காத்துல வாயில வந்து விழுந்த முடி.

— மத்த முடியெல்லாம் பறக்குது. இது பறக்கல்ல. நீ வரைஞ்ச காத்து, ஸ்மிதா. ஒரே ஒரு முடியை மட்டும் விட்டு வைக்குமா?

— தப்பா வரைஞ்சிருப்பேன். அழிச்சிடலாம். நீ வாசி, நேரமாறது.

— முடி இல்ல இது. கம்பி. முதல் கம்பி மேல, அதை முறுக்குகிற பிருடைப் பக்கம் அறுந்து எனக்க முகத்துல வந்து அடிச்சுது. ஆடி ஆடி அடிக்காம இருக்க, நுனியைப் பல்லுல கவ்விக்கிட்டு மிச்சத்தை ரெண்டாம் கம்பியில வாசிச்சேன். எனக்க ஜீவிதத்துல ஒரே ஒரு நாளு. உங்க கேட்டுல. இப்பம் உங்கிட்ட எல்லாம் சொன்னேன், இதை மட்டும் சொல்லல்ல. யாருகிட்டயும் சொன்னதில்ல. எனக்க அப்பாவுக்கே தெரியாது.

— சாயா ஆறிப் போச்சு, ஜெஸ்லி.

— மாமி வெளியில வரும்போ வயலின் பெட்டிக்குள்ள. அறுந்த கம்பி எனக்க பையில. மாமி பாக்கல்ல. தெருவுல ஒரு மனுஷன் இல்ல. யாரு பாத்தா?

— லேப்டாப்பை மூடிடறேன்.

— மூடாத. யாரு பாத்தா, ஸ்மிதா?

— ஜன்னல்லேருந்து.

— எந்த ஜன்னல்?

— வாசல் ரூம் ஜன்னல். பச்சைத் திரை போட்டிருக்குமே, அதுக்குப் பின்னால. நான் எங்கயும் கிளம்பிப் போகலை. கைலாஷ் கூடத்துல காபி குடிச்சுண்டிருந்தான். நீ முதல் வரி வாசிச்சப்போ அடுத்த வரி தொண்டை வரைக்கும் வந்தது. முழுங்கினேன். கம்பி அறுந்ததைப் பார்த்தேன். நீ கவ்வினதைப் பார்த்தேன். உதட்டுல ரத்தம் வந்தது, அதைப் புறங்கையால துடைச்சுண்டு வாசிச்சே. அதுக்கப்புறம் எந்த வரியை எடுத்தாலும் எனக்கு அந்த இடத்துலயே தொண்டை அடைச்சுண்டது. பாட்டு போச்சு. அந்தக் கை மட்டும்தான் மிச்சம். நாலு வருஷமா அதைத்தான் வரைஞ்சுண்டிருக்கேன்.

— அப்பம் அந்த லெட்டர்?

— நான் எழுதினது.

— மாமி சொல்லித் தந்து எழுதினியா? சொல்லுடி. உனக்கும் பதினாறு வயசுதானே. ரூமுக்குள்ள வச்சுப் பூட்டினாங்களா? வாயைப் பொத்தினாங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்தா பாரு, வயலின் தோள்ல இருக்கு, வில்லு கையில இருக்கு. நீ சொன்னா இந்த நிமிஷம் வாசிக்கேன். உனக்க படமும் முடிஞ்சுரும். நம்மளும் பழையபடி ஆயிருவோம். கேக்கதுக்கு மாமியும் இல்ல.

— ஆமான்னு சொன்னாப் போதுமா?

— போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

— ரூம் பூட்டியிருக்கலை, ஜெஸ்லி. 'பாவம், குழந்தை எவ்வளவு நேரமா நிக்கறா'ன்னு அம்மா உன்னை உள்ள கூப்பிடத்தான் கதவுகிட்டப் போனா. அவ கையைப் பிடிச்சு நிறுத்தி, 'கார்த்தாலயே போயிட்டான்னு சொல்லு, என்னிக்கும் மாத்திச் சொல்லிடாதே'ன்னு என் தலை மேல சத்தியம் வாங்கினது நான்.